திரை வழியே செடர்: வீட்டிலிருந்தே பஸ்கா கொண்டாடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஏப்ரல் 8, புதன்கிழமை சாயங்காலம் யூதர்களின் பஸ்கா பண்டிகை தொடங்கியது. கொரோனா முடக்கம் உச்சத்தில் இருந்த நேரம். தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, பக்கத்து வீட்டுக்காரர், ஊருக்குப் புதிதாக வந்த யாரோ ஒருவர் என்று ஒரே மேசையில் நெருக்கியடித்து உட்கார வேண்டிய ராத்திரியில், நியூயார்க்கிலும் லண்டனிலும் டெல் அவிவிலும் யூதக் குடும்பங்கள் இரண்டு பேர், மூன்று பேர் என்று தனித்தனியே உட்கார்ந்தன. பல வீடுகளில் மேசை முனையில் லேப்டாப் ஏறியது அந்த வருஷம்தான். முடக்கம் போன பிறகும் அது முழுதாக இறங்கவில்லை. மகன் ஒரு ஊரில், அம்மா வேறொரு ஊரின் முதியோர் இல்லத்தில் என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது வசதியாகவே அமைந்துவிட்டது. கூட வேலை செய்யும் யூத நண்பர் "எங்க செடருக்கு ஜூம்ல வாங்க" என்று கூப்பிட, என்ன செய்வது என்று முழிக்கிற தமிழர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பின் கேள்விகளும் கலந்தே கீழே வருகின்றன.

செடர் என்பது விருந்தா, வழிபாடா?

இரண்டும்தான். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் வெளியேறிய கதையை, பஸ்காவின் முதல் ராத்திரி வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஹகாதா என்ற புத்தகத்தைப் பார்த்து, கேள்வியும் பதிலுமாகச் சொல்வதுதான் செடர். மொத்தம் பதினைந்து படிகள். முதல் கோப்பை ஒயினுக்கு ஆசி சொல்வதில் தொடங்கி, கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்று, மாட்சா என்ற புளிக்காத ரொட்டி மூன்றில் நடுவிலுள்ளதை இரண்டாக உடைத்து, கதையைச் சொல்லி, கசப்பைத் தின்று, அப்புறம்தான் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் இன்னும் இரண்டு கோப்பை ஒயின், துதிப் பாடல்கள். பசியோடு வந்து உட்காரும் விருந்தாளி சாப்பாடு வருவதற்குள் ஒரு மணி நேரம், சில வீடுகளில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வா என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். திரையில் கலந்துகொள்பவருக்கும் அதே அறிவுரை பொருந்தும்.

பண்டிகை ராத்திரியில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாமா? யூதச் சட்டம் என்ன சொல்கிறது?

எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே பதில் கிடையாது.

பண்டிகை நாளில், ஏற்கனவே எரிகிற நெருப்பில் சமைக்கலாம், புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது. மின்சாரம் வந்த பிறகு, சுவிட்சைப் போடுவது நெருப்பு மூட்டுவதற்குச் சமமா என்ற வாதம் தொடங்கியது. மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரப்பிகளில், அதாவது யூத மத குருக்களில், மிகப் பெரும்பாலோர், சொல்லும் காரணம் வேறுபட்டாலும், கூடாது என்ற முடிவுக்கே வந்தார்கள். வட ஆப்பிரிக்க மரபில் மட்டும் பண்டிகை நாளுக்கு (சாபத் என்ற வாராந்திர ஓய்வுநாளுக்கு இல்லை) கொஞ்சம் தளர்வாகப் பார்த்த சிலர் இருந்தார்கள்.

2020 மார்ச் கடைசியில் அந்த மரபைச் சேர்ந்த பதினான்கு ரப்பிகள் இஸ்ரேலில் ஒரு தீர்ப்பு வெளியிட்டார்கள். தாத்தா பாட்டி தனியாக இருக்கிறார்கள், இளைய தலைமுறைக்கும் அவர்களுக்கும் நடுவில் இந்த ராத்திரி அறுந்து போகக் கூடாது, அதனால் பண்டிகை தொடங்குவதற்கு முன்பே இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு கை வைக்காமல், ஜூம் வழியே செடர் நடத்தலாம், இந்த நெருக்கடிக்கு மட்டும், என்றார்கள். உடனே எதிர்ப்பு வந்தது. இஸ்ரேலின் அப்போதைய இரு தலைமை ரப்பிகளான டேவிட் லாவும் யிட்ஸ்ஹாக் யோசேஃபும் ஏற்கவில்லை. தனிமை வேதனைதான், அதற்காகப் பண்டிகையை மீறக் கூடாது, வேண்டுமானால் பண்டிகை தொடங்குவதற்கு முன் பேசிக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் நிலைப்பாடு. உயிருக்கு ஆபத்து என்றால் சட்டமே விலகி நிற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தனிமையால் தனக்கே தீங்கு செய்துகொள்ளக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவரோடு திரையில் பேசலாம் என்று கண்டிப்பான ரப்பிகளும் அந்த வருஷம் சொன்னார்கள்.

சீர்திருத்தப் பிரிவினருக்கு இது ஒரு பிரச்சினையாகவே இல்லை. நடுவில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவு, முன்கூட்டியே திறந்து வைப்பது நல்லது என்ற வகையில் அந்த அவசர நிலைக்கு வழி விட்டது.

என்னைக் கேட்டால், அந்தப் பதினான்கு பேரின் தீர்ப்பு ஜெயித்ததா தோற்றதா என்பதைவிட அவர்கள் எடுத்துக்கொண்ட காரணம் முக்கியம். வசதிக்காகக் கேட்கவில்லை. கேள்வி கேட்கக் குழந்தையும் பதில் சொல்லப் பெரியவரும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் அது என்ன செடர் என்று கேட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் சிலர் கண்டிப்பு, சிலர் இல்லை. எப்படி ஒத்துப்போவது?

கண்டிப்பானவர் பக்கம் சாய்ந்துவிடுங்கள், சண்டை மிச்சம். ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் பல 2020ல் செய்ததையே செய்யலாம்: சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாரும் திரையில் கூடி, குழந்தைகள் செடரில் வழக்கமாகக் கேட்கும் நான்கு கேள்விகளைப் பாடிக் காட்டி, தாத்தா ஒரு கதை சொல்லி, வாழ்த்துச் சொல்லி அணைத்துவிடுவது. அதன் பிறகு அவரவர் வீட்டில் அவரவர் செடர். சட்டப்படி அது செடர் ஆகாது, ஆனால் பாட்டிக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத் தட்டு வைக்க வேண்டுமா?

வேண்டும். திரை வழிச் செடர் சப்பென்று போவதற்கு முதல் காரணமே, ஒரு வீட்டில் மட்டும் மேசை போட்டு மற்றவர்கள் சோபாவில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பதுதான். இது வேடிக்கை பார்க்கிற சமாச்சாரம் இல்லை. கசப்பு ஒவ்வொருவர் நாக்கிலும் ஏற வேண்டும்.

செடர் தட்டில் வருபவை: நெருப்பில் வாட்டிய ஆட்டு எலும்பு (கோழிக் கழுத்தும் போதும், சைவ உணவுக்காரர்கள் வாட்டிய பீட்ரூட் வைப்பார்கள்), வேகவைத்து லேசாக வாட்டிய முட்டை, கர்பாஸ் என்ற பச்சை, இது பார்ஸ்லியோ செலரியோ, சில வீடுகளில் உருளைக்கிழங்கு. மாரோர் என்ற கசப்புக்கு ரோமைன் கீரை அல்லது ஹார்ஸ்ராடிஷ் வேர். அப்புறம் ஹரோசெத் என்ற இனிப்பு விழுது. தட்டுக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர், துணியால் மூடிய மூன்று மாட்சா.

ஹார்ஸ்ராடிஷ் வேரைச் சீவுவதை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். தோலைச் சீவும்வரை அப்பாவி மாதிரி இருக்கும், துருவத் தொடங்கியதும் கடுகை அரைத்து முகர்ந்ததுபோல் மூக்கின் உச்சிக்கு ஏறி, கண்ணில் தண்ணீர் கொட்டும். பாட்டிலில் வரும் பீட்ரூட் கலந்த விழுதில் இந்த வேகம் இருக்காது. துருவுவதைக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கேமரா முன்னால் செய்தால் அதுவே ஒரு நிகழ்ச்சி.

ஹரோசெத் என்பது எகிப்தில் அடிமைகள் செங்கல் அடுக்கப் பிசைந்த களிமண்ணின் நினைவு. கிழக்கு ஐரோப்பிய வழி வந்தவர்கள் ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, வால்நட், பட்டைத்தூள், இனிப்பு ஒயின் சேர்ப்பார்கள். ஈராக் வழி வந்தவர்கள் பேரீச்சைப் பாகில் வால்நட்டைத் தூவுவார்கள், பாக்தாத்திலிருந்து வந்து கொல்கத்தாவில் தங்கிய யூதர்கள் செய்ததும் இந்த வகைதான். எனக்கு இரண்டாவது பிடிக்கும், வேலையும் குறைவு. ஒவ்வொரு வீடும் தன் வழக்கப்படி செய்து, திரையில் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டுக்கொள்வது நல்ல பொழுதுபோக்கு.

மாட்சா கிடைக்கவில்லை. சப்பாத்தி போடலாமா?

கூடாது. தமிழர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. சப்பாத்தியில் ஈஸ்ட் இல்லையே என்பார்கள். ஆனால் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டுப் பதினெட்டு நிமிஷத்துக்குள் வேகாவிட்டால் அது ஹமேத்ஸ், அதாவது பஸ்கா முழுக்க வீட்டில் இருக்கவே கூடாத பொருள். நாம் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊற வைப்போம். போதாக்குறைக்கு, மாட்சாவுக்கான கோதுமை குறைந்தபட்சம் அரைக்கும்போதிலிருந்தே தண்ணீர் படாமல் காவல் காக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே பெட்டியை முன்கூட்டியே ஆர்டர் செய்வதுதான் வழி. பெட்டியின் மேல் 'பஸ்காவுக்கு உகந்தது' என்று இருக்கிறதா பாருங்கள், வருஷம் முழுக்க விற்கும் சாதாரண மாட்சா சில இந்தப் பண்டிகைக்கு ஆகாது.

அப்படியானால் இட்லி? அது புளித்ததுதானே?

புளித்ததுதான், ஆனால் ஹமேத்ஸ் இல்லை. அரிசியும் உளுந்தும் அந்த ஐந்து தானியத்தில் வராது. கிழக்கு ஐரோப்பிய மரபினர் மட்டும் கிட்னியோத் என்ற தனி வழக்கப்படி அரிசி, பருப்பு, பயறு எல்லாவற்றையும் பஸ்காவில் ஒதுக்குவார்கள். ஈராக், ஏமன் எனப் பல கிழக்கத்திய மரபினரும், கொச்சி யூதர்களும் அரிசி சாப்பிடுவார்கள். கன்சர்வேட்டிவ் பிரிவு 2015 டிசம்பரில் கிட்னியோத் எல்லாருக்குமே ஆகும் என்று அனுமதி கொடுத்தது, ஆனாலும் வீட்டுப் பழக்கம் லேசில் மாறாது.

நீங்கள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுவதால் இதெல்லாம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நண்பர் வீட்டுக்கு ஏதாவது சமைத்து அனுப்பும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சாம்பாரில் என்ன கோதுமை என்று கேட்கத் தோன்றும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். பாத்திரமும் கோஷர் என்ற யூத உணவு விதிக் கணக்கில் வரும். பழமோ பூவோ அனுப்புங்கள், அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

எந்த ஹகாதாவைப் பயன்படுத்துவது?

எதுவானாலும் எல்லார் கையிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். "எந்தப் பக்கம்?" என்ற கூச்சல்தான் செடரில் அதிகம் கேட்கும் வாக்கியம், திரையில் அது இரண்டு மடங்கு. அமெரிக்க வீடுகளின் அலமாரியில் கட்டாயம் இரண்டு மூன்று கிடப்பது மாக்ஸ்வெல் ஹவுஸ் காப்பிக் கம்பெனியின் ஹகாதா. 1932லிருந்து காப்பி டப்பாவோடு இலவசமாகக் கொடுத்து வந்தது, ஒயின் கறையும் மாட்சாத் துகளுமாகத் தலைமுறை மாறி வரும். அது இல்லாதவர்களுக்கு செஃபாரியா தளத்தில் எபிரேய மூலம் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கிறது. பி.டி.எஃப். ஆக அனுப்பி அச்செடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரையிலேயே பக்கத்தைப் போட்டுக் காட்டினால் முகங்கள் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும்.

எத்தனை மணிக்குத் தொடங்குவது? ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம்.

முறைப்படி இருட்டிய பிறகு. ஏப்ரல் தொடக்கத்தில் நியூயார்க்கில் அது ராத்திரி எட்டு மணி வாக்கில், அப்போது கலிபோர்னியாவில் ஐந்து மணி, நல்ல வெயில். சென்னையில் மறுநாள் விடிகாலை ஐந்தரை. எருசலேமில் இருட்டும்போது இந்தியாவில் இரவு பத்து. சட்டம் பார்க்காத குடும்பங்கள் குழந்தைகளுக்காக ஆறு மணிக்கே தொடங்கிவிடும். கிழக்குக் கரைக்குத் தூக்கம் வருவதற்கும் மேற்குக் கரைக்குப் பசி வருவதற்கும் நடுவில் ஒரு நேரம் பிடியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் இணைப்பை அப்படியே விட்டு வைக்கலாம், ஆனால் ஒலியை அணைத்துவிடுங்கள், பத்து வீட்டுக் கரண்டிச் சத்தத்தை யாரும் தாங்க முடியாது.

ஜூமில் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

இலவசக் கணக்கில் நாற்பது நிமிஷத்தோடு கூட்டம் துண்டிக்கப்படும். எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளில் ஆறாவது, கொப்புளம், சொல்லும்போது திரை கறுத்துப் போனால் சிரிப்பாக இருக்கும், ஒரு தடவைதான். குடும்பத்தில் யாராவது ஒருவர் அந்த மாதத்துக்குப் பணம் கட்டிவிடட்டும். கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் போடுங்கள். 2020ல் முன்பின் தெரியாதவர்கள் கூட்டங்களில் புகுந்து அசிங்கம் செய்ததால்தான், அந்தப் பஸ்காவுக்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 5ல், ஜூம் இவற்றைத் தானாகவே வரும்படி வைத்தது. இணைப்பை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.

நடத்துகிறவர் வேறு, கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் வேறாக இருக்கட்டும். பாட்டி வீட்டு டேப்லெட் கூரை விசிறியைத்தான் காட்டும், ஒரு நாள் முன்னால் யாராவது பாட்டியோடு ஒத்திகை பார்த்துவிடுங்கள். கேமராவைக் கண் மட்டத்துக்குப் புத்தகம் அடுக்கி உயர்த்தினால், முகமும் தட்டும் சேர்ந்து தெரியும்.

பாட்டுதான் தலைவலி. இணைப்பில் ஒலி தாமதமாக வருவதால் எல்லாரும் சேர்ந்து பாடவே முடியாது, 'தயேனு' என்ற செடர்ப் பாட்டைப் பாடும்போது ஆளுக்கொரு அடியில் இருப்பார்கள். ஒரு வீடு பாட, மற்றவர்கள் ஒலியை அணைத்துவிட்டுக் கூடப் பாடுவதுதான் ஒரே வழி. கடைசியில் வரும் ஆட்டுக்குட்டிப் பாட்டில், ஒன்றை ஒன்று விழுங்கிக்கொண்டே போகும் பூனை, நாய், தடி, நெருப்பு என்று வீட்டுக்கு ஒன்றைப் பிரித்துக் கொடுத்து அவரவர் சத்தம் போடச் சொன்னால், தாமதமே வேடிக்கையாகிவிடும். பாரசீக யூதர்கள் தயேனுவின்போது வெங்காயத்தாளால் ஒருவரை ஒருவர் அடிப்பார்கள். திரையில் அடிக்க முடியாது, கேமராவை அடிக்கலாம்.

குழந்தைகள் பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடுகிறார்களே?

நேரில் நடந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். அவர்களைத் தூங்காமல் வைத்திருக்கத்தான் செடரில் இத்தனை விசித்திரங்கள். உடைத்த மாட்சாவின் பாதி, அஃபிகோமன், ஒளித்து வைக்கப்படும், கண்டுபிடிக்கும் குழந்தைக்குப் பரிசு, அது வந்தால்தான் சாப்பாடு முறைப்படி முடியும். திரையில் இப்படிச் செய்யுங்கள்: தாத்தா தன் வீட்டில் கேமராவுக்குத் தெரியும்படி அறைக்குள் எங்கோ ஒளிக்க, பேரப்பிள்ளைகள் "சூடா, குளிரா" என்று கேட்டு அவரை அங்குமிங்கும் அனுப்பலாம். தாத்தா குனிந்து சோபாவுக்கு அடியில் தேடுவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷம், தாங்கள் தேடுவதில்கூட இருக்காது. எலியா தீர்க்கதரிசிக்குக் கதவைத் திறக்கும் இடத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவரவர் வாசலுக்குப் போங்கள்.

நான்கு கேள்விகளை வழக்கமாகக் கடைக்குட்டி பாடும். நாலைந்து வீட்டுக் கடைக்குட்டிகள் இருந்தால் ஆளுக்கொரு கேள்வி.

நான்கு கோப்பை ஒயின் குடித்தே ஆக வேண்டுமா?

திராட்சைச் சாறு போதும். கோப்பையும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, குறைந்தபட்ச அளவு சுமார் 86 மில்லி என்பது ஒரு பரவலான கணக்கு. வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு ஒயினை விரலால் எடுத்துத் தட்டில் விடுவார்கள். எகிப்தியர் பட்ட துன்பத்தை நினைத்து மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வது என்று பலரும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். கீபோர்டைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திரையிலும் ஆள் இல்லை. தனியாகச் செடர் செய்ய முடியுமா?

முடியும், யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதே இதை யோசித்து வைத்திருக்கிறது. பிள்ளைக்கு அறிவிருந்தால் பிள்ளை கேட்கும், இல்லையென்றால் மனைவி கேட்பாள், அவளும் இல்லையென்றால் தானே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரிந்த இரண்டு அறிஞர்கள் சேர்ந்து உட்கார்ந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்டாக வேண்டும். வாய்விட்டுக் கேளுங்கள், மனசுக்குள் வேண்டாம். அப்படியும் ஆள் வேண்டும் என்றால், சீர்திருத்த ஜெப ஆலயங்கள் பல இணைய வழிச் செடர் நடத்துகின்றன, முன்பதிவு செய்துகொண்டால் சேர்ந்துகொள்ளலாம்.

நான் யூதர் இல்லை. நண்பர் அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது?

கேமராவை அணைத்து வைக்காதீர்கள், அது ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். "ஹக் சமேயாக்" என்றால் மகிழ்ச்சியான பண்டிகை வாழ்த்து, அதைச் சொல்லலாம். பிரெட், பிஸ்கட், பீர் ஆகியவை திரையில் தெரிய வேண்டாம். வாசிக்க ஒரு பத்தி கொடுத்தால் தயங்காமல் வாசியுங்கள், சுற்றி வாசிப்பது எல்லா விருந்தாளிக்கும் பொது. ஆசிகள் சொல்லும்போது 'ஆமென்' சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கேள்வி கேளுங்கள், அன்றைக்குக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அதற்குத்தான் கூடியிருக்கிறார்கள். ஆனால் இஸ்ரேல் அரசியலை நீங்களாகத் தொடங்காதீர்கள், வேண்டுமானால் அவர்களே தொடங்கி அவர்களுக்குள்ளேயே சத்தம் போட்டுக்கொள்வார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். இயேசுவின் கடைசி இராப்போஜனம் செடர்தானே, சபையில் நாங்களே ஒன்று நடத்தலாமா?

மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அதைப் பஸ்கா விருந்து என்றே சொல்கிறார்கள். ஆனால் இன்றைய செடரின் வடிவம் கி.பி. 70ல் எருசலேம் ஆலயம் அழிந்த பிறகு உருவானது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில்தான் நான்கு கோப்பையும் கேள்விகளும் ஒழுங்காக வருகின்றன, மாட்சா ஒளிக்கும் விளையாட்டும் பல பாடல்களும் அதற்கும் வெகு காலம் கழித்து வந்தவை. ஆகவே இயேசு இதே செடரைச் செய்தார் என்று சொல்ல முடியாது. அதோடு ஐரோப்பாவில் பஸ்கா சமயத்தில்தான் யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்ற பொய்யான ரத்தப் பழியை அவர்கள் மேல் சுமத்தி அடித்தார்கள். அந்த நினைவு உள்ளவர்கள், தங்கள் சடங்கை வேறு மதத்துக்கு விளக்கப் படமாகப் போடுவதை ரசிப்பதில்லை. பெரிய வியாழனுக்கு உங்களுக்கே வழிபாடு இருக்கிறது. யூத நண்பர் கூப்பிட்டால் விருந்தாளியாகப் போங்கள்.

இரண்டாவது ராத்திரியும் செய்ய வேண்டுமா? அடுத்தது எப்போது?

இஸ்ரேலில் ஒரு செடர், ஏழு நாள் பண்டிகை. வெளிநாடுகளில் வழக்கமாக இரண்டு செடர், எட்டு நாள், சீர்திருத்தப் பிரிவினர் பலர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். பலர் முதல் ராத்திரியை வீட்டோடு வைத்துக்கொண்டு இரண்டாவதைத் திரைக்கும் நண்பர்களுக்கும் ஒதுக்குகிறார்கள், நல்ல ஏற்பாடு, முதல் நாள் சொதப்பியதைத் திருத்திக்கொள்ளலாம். 2026ல் பஸ்கா தொடங்குவது ஏப்ரல் 1, புதன் மாலை. 2027ல் ஏப்ரல் 21, அதுவும் புதன் மாலை. புதனில் தொடங்கும் வருஷங்களில் வெளிநாட்டுக் கண்டிப்பான குடும்பங்களுக்கு இரண்டு பண்டிகை நாளும் அதன் தொடர்ச்சியாகச் சாபத்தும் சேர்ந்து வருவதால், புதன் சாயங்காலம் அணைத்த போனைச் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் எடுப்பார்கள். அந்த நண்பருக்கு வாழ்த்து அனுப்ப வேண்டும் என்றால் புதன் மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.